ஆடிக்கூழ் அன்று வந்த சிறொக்கோ

இத்தாலியில் பகேரியா என்ற ஊருக்கு மேலே, எலுமிச்சைத் தோட்டம் சூழ்ந்த ஒரு பழைய வீட்டை அப்பா பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்கு ஏழு வயது. சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் வீட்டுக்கார அம்மையார் பலெர்மோ நகரத்தில் இருந்தார். தோட்டக்காரருக்கென்று கட்டிய இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். வேலை போனால் வீடு போகும், இரண்டும் போனால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது, பிறகு இந்த நாட்டில் இருக்கவே முடியாது என்று அம்மா நாளுக்கு ஒரு தடவையாவது சொல்வார்.

அந்த வீட்டில் மிக முக்கியமான ஆள் நான்தான் என்பது என் எண்ணம். பள்ளிக்கூடத்துக்குப் போய் இத்தாலியன் கதைக்கப் பழகியிருந்தேன். ஓமுக்கு 'சி', நன்றிக்கு 'கிராட்ஸியே', இரண்டும் அம்மாவுக்குப் போதுமாக இருந்தன. தபால்காரர் வந்தாலும் தண்ணீர்க்காரர் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அது எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது.

ஜூலைத் தொடக்கத்தில் ஒருநாள் காட்டுத்தீக் காவலர் ஜீப்பில் வந்தார். அப்பா தோட்டத்தின் மறுகரையில் மரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காவலர் அவசரத்தில் என்னிடமே சொன்னார். மழைக்காலம் வரும்வரை வெளியில் நெருப்பு மூட்டக்கூடாது. சிறொக்கோ வீசுகிற நாளில் தீக்குச்சிகூடக் கிழிக்கக்கூடாது. மீறினால் தண்டம், அது வீட்டுக்காரர் பெயருக்குப் போகும். சிறொக்கோ என்பது தெற்கிலிருந்து மலை தாண்டி வரும் அனல்காற்று. அது வீசினால் காலையில் துவண்டு கிடந்த புல் மத்தியானத்துக்குள் அப்பளமாகிவிடும்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

அடுத்த கிழமை ஆடிப்பிறப்பு, கூழ் காய்ச்சுகிற நாள். அம்மாவின் தம்பி, பலெர்மோவில் ஒரேத்தோப் பக்கம் இருந்த மாமா, ஊரிலிருந்து வந்த பனங்கட்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். "காஸ் அடுப்பிலை காய்ச்சினா அது கூழில்லை அக்கா, மருந்து," என்பது அவர் கட்சி. முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகில் காய்ச்சுவதாக முடிவாகியிருந்தது. சுள்ளி பொறுக்கிச் சேர்த்ததே நான்தான்.

"எல்லாரும் சுகமோ எண்டு கேக்கிறார்," என்றேன்.

அம்மா மனம் நிறைந்து "சி, சி, கிராட்ஸியே" என்றார். காவலரும் திருப்தியாகத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஆடிப்பிறப்பன்று காலையில் இலைகூட அசையவில்லை. அப்பா தோட்டத்துக்குப் பசளை வாங்கப் பகேரியாவுக்குப் போயிருந்தார். மாமா கல் வைத்தார். அம்மா வறுத்த பயறும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துத் துழாவினார். பனங்கட்டி கரைந்து மணம் எழும்புகிற நேரம் பார்த்துச் சிறொக்கோ வந்தது. கதவுகள் படார் படாரென்று அடித்தன. அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்து முற்றத்தோரத்துப் புல்லில் விழுந்து பற்றிக்கொண்டது. மாமா கூழ்ப்பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நெருப்பை விட்டுவிட்டுப் பானையைக் காப்பாற்றிய அந்த வீரத்தை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை. அம்மாதான் சாக்கை நனைத்து நனைத்து அடித்தார். நல்லகாலம், நெருப்பு மலைச்சரிவுக்குத் தாவவில்லை. கோடை தொடங்குமுன் எல்லையோரமாகப் புல்லைச் செதுக்கி அப்பா ஒரு வெறும்நிலப் பட்டை வெட்டியிருந்தார். அதில் வந்து நின்றுவிட்டது.

மலையுச்சித் தீக்காவல் கோபுரத்தில் இருந்தவர்கள் புகையைக் கண்டுவிட்டார்கள். தண்ணீர் வண்டியும் அதே காவலரும் வந்து சேர்ந்தபோது அப்பாவும் பசளை மூட்டையைத் தெருவில் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

காவலர் அப்பாவிடம் கேட்டார். பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தானே போனேன், அவள் உங்களுக்குச் சொல்லவில்லையா?

நான் மாமாவின் பின்னால் ஒளிந்தேன். வேலை, வீடு, பெர்மெஸ்ஸோ எல்லாம் என் வாயால் போகப்போகிறது என்று விளங்கியது. அப்பா முதலில் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒன்றும் விளங்காமல் விழித்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, காவலர் பக்கம் திரும்பி, தட்டுத்தடுமாறிய இத்தாலியனில், அவள் சொன்னாள், நான்தான் மறந்துபோனேன் என்றார்.

காவலர் தண்டம் எழுதும் புத்தகத்தை வெளியே எடுத்தார். எழுதுமுன் கருகிய இடத்தைச் சுற்றி நடந்தார். வெறும்நிலப் பட்டையைக் காலடியால் அளந்தார். யார் வெட்டியது என்று கேட்டார். அப்பா காய்ப்பேறிய உள்ளங்கைகளைக் காட்டினார். காவலர் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்தார். காற்று இறங்கும்வரை சாம்பலுக்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று சொல்லி, தானும் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தார். மாமா அவருக்குக் கோப்பிக் கோப்பையில் கூழ் நீட்டினார். முதல் வாய்க்கு முகம் ஒரு மாதிரிப் போனது. இரண்டாவது கோப்பையை அவராகவே கேட்டார்.

அவர் போனபிறகு நாங்கள் சாம்பலைச் சுற்றி உட்கார்ந்து குடித்தோம். கூழில் கொஞ்சம் புகை மணந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் சொன்னதாகவும் தான் மறந்துவிட்டதாகவும் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார், தப்பிவிட்டேன் என்று நம்பினேன். துணிச்சல் கூடிப்போய் வாயையும் திறந்தேன்.

"அப்பாவுக்குச் சரியான மறதி, என்னம்மா?"

அப்பா தன் கோப்பையில் மிச்சமிருந்த கூழை என் கோப்பையில் ஊற்றினார்.

"ஓம் பிள்ளை, வயசு போகுதெல்லோ," என்றார்.

அப்பாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது.