காகிதத்தில் ஏழை

பிரேக் அக்கா தன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சாப்பிடுவதுகூட சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடிதான். "நாள் பூரா காருக்குள்ளதானே உட்கார்ந்திருக்கேன், வீட்டுலயாவது நிக்கறேனே" என்பாள்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து இருக்கையில் இருப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்த பிரேக்தான் அவளுக்குச் சோறு போட்டது. பழக வந்த பெண்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கணவரே அவள் எண்ணைத் தன் ஃபோனில் அந்தப் பெயரில்தான் வைத்திருந்தார்.

கல்யாணமான கையோடு இந்த நாட்டுக்கு வந்தவள். துணிக்கடைக் கிடங்கில் சட்டை மடித்தாள், பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளுக்குத் துணையாகப் போனாள், பிறகு பயிற்சியாளர் உரிமம் வாங்கி ஒரு பழைய காரை வைத்துத் தனியாகத் தொழில் தொடங்கினாள். கணவர் பெரிய கிடங்கு ஒன்றில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டினார். ஏஜென்சி மூலம் கிடைத்த வேலை. வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். ஒரே மகள், பத்தாவது படித்தாள்.

இவ்வளவு காலமும் வாடகை வீடுதான். ஒரு வீட்டில் வீட்டுக்காரரின் மகன் குடும்பத்தோடு திரும்பி வந்துவிட்டான். இன்னொரு வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினார்கள். ஒவ்வொரு முறையும் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள், மகளுக்குப் பள்ளிக்கூடமும் மாறியது.

இந்த வீட்டின் சொந்தக்காரர் வயதானவர், தங்கமானவர். ஒரு மாலை வந்து, கொடுத்த காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"வீட்டை வித்துடலாம்னு இருக்கேன்மா. மகளோட போய் இருந்துக்கறேன். உங்களுக்கு இஷ்டம்னா நீங்களே எடுத்துக்கலாம். என்ன, ரொம்ப நாள் காத்திருக்க முடியாது."

அவர் போனதும் பிரேக் அக்கா கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள்.

"வாங்கிடலாங்க."

"எலி வளையானாலும் தனி வளை வேணும்தான். ஆனா எலிக்கு யாரு பேங்க்ல கடன் குடுப்பா?" என்றார் கணவர்.

முன்பணத்துக்கு வேண்டியதை அவள் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தாள். அந்தத் தைரியத்தில் மறுநாளே வங்கிக்குப் போனார்கள். எதிரில் உட்கார்ந்த அதிகாரிக்கு வயது முப்பதுகூட இருக்காது. மிக மரியாதையாகப் பேசினார். அவளுடைய வருமான வரித் தாள்களைப் புரட்டினார், திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இதுல காட்டியிருக்கற லாபத்தைப் பார்த்தா நீங்க மூணு பேரும் எப்படிச் சாப்பிடறீங்கன்னே புரியல."

"நல்லாத்தான் சாப்பிடறோம் சார்."

"அது எங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. சார் வேலையும் நிரந்தரம் இல்ல."

"ஏழு வருஷமா அதே இடத்துலதான் இருக்கார்."

"ஒவ்வொரு வருஷமும் முடிஞ்சு முடிஞ்சு ஆரம்பிக்குதே மேடம்."

அடுத்த வங்கியிலும் இதே பல்லவிதான். குடியுரிமை வேறு கேட்டார்கள். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதையும் ஒரு குறையாகச் சொன்னார்கள்.

அவளுக்கு வரிக் கணக்கு பார்த்துக் கொடுத்தவர் கணவரின் பெரியப்பா மகன். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் ஆடிட்டர் அண்ணன். வரியைக் குறைப்பதில் கெட்டிக்காரர் என்று அவருக்கே ஒரு பெருமை. பிரேக் அக்கா நேராக அவர் அலுவலகத்துக்குப் போய் நின்றாள்.

"என்னை ஓட்டாண்டியா காட்டி வச்சிருக்கீங்களே அண்ணே."

"அரசாங்கத்துக்கு முன்னாடி ஏழையா நிக்கறதுதான்மா சாமர்த்தியம். உனக்கு எவ்வளவு மிச்சம் பண்ணியிருக்கேன் தெரியுமா?"

"காருக்குச் செஞ்ச செலவு சரி. பாப்பாவோட லேப்டாப்பு, நாங்க ஊர் சுத்தின பெட்ரோல், வீட்டு சோபா, இதெல்லாம் எப்படி என் தொழில் செலவாகும்?"

"எல்லாரும் போடறதுதான்."

"எல்லாரும் வாடகை வீட்டுல இருந்துட்டுப் போகட்டும். நீங்க இதைத் திருத்தித் தாங்க. கட்ட வேண்டிய வரியை நான் கட்டறேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள். வருடா வருடம் கையெழுத்துப் போட்டது அவள்தானே. அப்போது கேட்கத் தோன்றாத கேள்வியை இப்போது அண்ணனிடம் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

வீட்டில் அன்று பெரிய சண்டை. "முன்பணத்துக்குச் சேர்த்ததை எடுத்து வரி கட்டிட்டா, அப்புறம் எதை வச்சு வாங்குவே? உள்ளதும் போச்சுன்னு நிக்கப் போறோம்" என்று கணவர் கத்தினார். அவள் விடவில்லை. வரியையும் அபராதத்தையும் சேர்த்துக் கட்டினாள். சேமிப்பில் பெரிய ஓட்டை விழுந்தது.

திருத்திய தாள்களோடு மூன்றாவதாக ஒரு சின்ன வங்கிக்குப் போனாள். அங்கிருந்த அம்மாள் நிதானமாகக் கேட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள். "இப்பவே முடியாதுங்க. ஒரு வருஷம் வர்ற காசு எல்லாம் அக்கவுண்ட் வழியா வரட்டும். கணக்கை ஒழுங்கா காட்டுங்க. அப்புறம் வாங்க, நானே பார்க்கறேன்."

ஒரு வருடம்! வீட்டுக்காரர் அதுவரை காத்திருப்பாரா? சனிக்கிழமைதோறும் வீடு பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அவளே கூட்டிப் பெருக்கி, அவளே கதவைத் திறந்துவிட வேண்டும். ஒரு பெண் கேட்காமலே அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த துணிகளை விலக்கி ஆழம் பார்த்தாள். ஒரு தம்பதி சமையலறையில் நின்று, குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே, எந்தச் சுவரை இடிக்கலாம் என்று பேசினார்கள். மகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தாள். அவள் அறையையும் அளந்துவிட்டுப் போனார்கள்.

"நீங்க எப்ப காலி பண்றீங்க?" என்று அந்தத் தம்பதியில் கணவன் கேட்டான். கேட்டதில் குற்றமில்லை. ஆனாலும் அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

கடைசியில் அவர்களுக்குத்தான் வீடு போனது. "முழுப் பணமும் தயாரா வச்சிருக்காங்கம்மா" என்றார் வீட்டுக்காரர், முகத்தைப் பார்க்காமல். "நல்லதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் பாடம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிட்டாள்.

அன்று ஓட்ட வந்தவள் ஒரு நர்ஸ். ஏற்கெனவே தேர்வில் தவறியவள், பயந்து பயந்து ஓட்டுவாள். அகலமான, காலியான சாலை. நர்ஸ் முதல்முறையாகத் தோளைத் தளர்த்தி ஓட்டிக்கொண்டிருந்தபோது கார் குலுங்கி நின்றது. பிரேக்கை அழுத்தியது அக்கா.

"என்ன அக்கா? ரோட்டுல யாருமே இல்லையே!"

ஏன் அழுத்தினோம் என்று அக்காவுக்கே தெரியவில்லை. காரை ஓரங்கட்டச் சொன்னாள். இறங்கி, டயரைப் பார்ப்பதுபோல் காரைச் சுற்றி நடந்தாள். மூச்சு சீரானதும் உள்ளே வந்தாள்.

"இன்னிக்குப் பாடத்துக்குக் காசு வேண்டாம்."

"உங்களுக்குத்தான் அக்கவுண்ட்ல காசு வரணும்னு சொன்னீங்களே. வேண்டாம்னா எப்படி?" என்று நர்ஸ் சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "வீடு போயிடுச்சா அக்கா?"

"போயிடுச்சு. கண்ணாடியைப் பார்த்துட்டு வண்டியை எடு."

சலவைக்கடை ஒன்றின் மேல் இருந்த இரண்டறை வீட்டுக்குக் குடிபோனார்கள். நாள் முழுக்கக் கீழிருந்து நீராவி வாசனை ஏறியது. அவள் முன்னைவிட அதிகமாக ஓடினாள். ரொக்கமாகத்தான் கொடுப்பேன் என்ற சிலர் வேறு ஆளிடம் போனார்கள். அவர்கள் இடத்துக்குப் புது ஆள் பிடிக்க வாரக் கடைசியையும் பாடத்துக்குக் கொடுத்தாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் வீட்டு விளம்பரங்களைப் பார்த்தாள். "பச்சை விழுந்துடுச்சு அக்கா" என்று கற்றுக்கொள்பவர்கள் நினைவூட்ட வேண்டியிருந்தது.

வருடம் திரும்பியது. நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி ஒரு சின்ன வீடு அகப்பட்டது. ரயில் போனால் ஜன்னல் கதவு கடகடவென்று ஆடும். அதனால்தான் விலை படிந்தது. அந்த வங்கி அம்மாள் எல்லாத் தாள்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, "சொல்லி அனுப்பறேன்" என்றாள். அதன்பிறகு எந்தச் சத்தமும் இல்லை. ஃபோன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். பரிசோதகரோடு ஒரு மாணவி தேர்வுக்குப் போயிருந்த ஒரு காலையில், தேர்வு மையத்து வாசலில் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவள்போல் நடந்துகொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. கடன் கிடைத்துவிட்டது.

உடனே கணவரைக் கூப்பிட்டாள். கிடங்கில் ஒரே இரைச்சல்.

"என்ன? என்ன போயிடுச்சு?"

"போகலீங்க! வந்துடுச்சு!"

"யாரு வந்துட்டா?"

"வீடுங்க! நம்ம வீடு!"

மறுமுனையில் வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

குடிபோனபோது ஆடிட்டர் அண்ணனும் வந்து பெட்டி தூக்கினார். மகளுக்கு இந்த முறை பள்ளிக்கூடம் மாறவில்லை. இரண்டு பஸ் பிடித்தாலும் பரவாயில்லை என்று பழைய இடத்துக்கே போய் வந்தாள். முதல் தவணை போனது, இரண்டாவதும் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். ஃபோனில் வீட்டு விளம்பரங்கள்.

"வாங்கியாச்சே, இன்னும் என்னத்தைத் தேடறே?"

"சும்மா."

"இனிமே நம்மள யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாதும்மா."

"பேங்க் சொல்லலாம்ல? உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலேன்னா? என் கை கால் விழுந்துட்டா?"

ரயில் ஒன்று கடந்து போனது, அவர் போய் ஆடிய ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவளாகவே ஃபோனிலிருந்து அந்த வீட்டு விளம்பர ஆப்பை அழித்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு பாடத்துக்குக் கிளம்பினாள்.

அடுத்த வாரம் அது மறுபடியும் அவள் ஃபோனில் இருந்தது.