கொத்தனார் சுட்ட கேக்

என் தங்கை புருஷன் கொத்தனார். நான் பெயின்டர். அவர் எழுப்புகிற சுவரெல்லாம் கடைசியில் என் தலையில்தான் வந்து விடியும். இங்கே மேடு, அங்கே பள்ளம். கேட்டால், காதில் செருகிய பென்சிலைக்கூட எடுக்காமல், "விடுங்க மச்சான், பட்டி பாத்தா சரியாயிடும்" என்பார். பட்டி மாவைக் குழைத்து, பள்ளத்தில் இழுத்து, தேய்த்து, மூக்கெல்லாம் வெள்ளையாகி நிற்பது யார்? நான். சுவருக்குப் பெயர் வாங்குவது யார்? அவர். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் "பட்டி பாத்து விடுங்க" என்று வாய் திறந்து கேட்டதில்லை.

மற்றபடி தங்கமான மனுஷன். சாரத்தில் நின்றால் சீட்டியடிப்பார். அவசரம்தான் கொள்ளை. போன வருஷம் தங்கையின் பிறந்த நாளுக்குக் கடையில் கேக் வாங்கி வந்தார். பெட்டியைத் திறந்தால் யாரோ ஒரு குழந்தைக்கு ஒரு வயது வாழ்த்து. பெட்டி மாறிவிட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தங்கை சிரிக்கவில்லை.

"இனிமே கடைக் கேக்கு இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. உங்க கையால செஞ்சா வெட்டறேன். இல்லேன்னா எனக்குப் பிறந்த நாளே வேண்டாம்."

அவள் சொன்னால் சொன்னதுதான்.

இந்த வருஷம் மத்தியானமே வேலையை விட்டு வந்து அடுப்படியில் இறங்கிவிட்டார். துணைக்கு நான். அவர் மாவு சலித்த வேகத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. முட்டை, சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் போட்டு அடித்துவிட்டு, "கலவை பதமா இருக்கு மச்சான்" என்றார்.

"ஜல்லி போடலையே?"

"உங்க வாயில போடறேன்."

பெரிய பாத்திரத்தின் அடியில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, கேக் தட்டை உள்ளே வைத்து மூடினோம். வாசனை ஆளைத் தூக்கியது. வெந்ததும் திறந்தால், ஒரு பக்கம் கொழுத்து, மறுபக்கம் சரிந்து கிடந்தது.

"அடுப்புல கோளாறு" என்றார்.

"அடுப்பு எது மேல இருக்கு மாப்ளே?"

அது அவரே கட்டிய மேடை. அவர் பையிலிருந்தே ரசமட்டத்தை எடுத்து அதன்மேல் வைத்தேன். கண்ணாடிக்குள் இருந்த குமிழி ஓட்டமாய் ஓடி ஓரத்தில் ஒண்டிக்கொண்டது. முட்டை உருளுது, கரண்டி உருளுது என்று தங்கை குடிவந்த நாளிலிருந்து கத்துகிறாள். தண்ணீர் வடியத்தான் சரிவு வைத்தேன் என்று இவரும் சாதித்து வந்தார்.

"ரசமட்டம் பழசு" என்று முனகினார். முகம் தொங்கிவிட்டது. மறுபடி சுட முட்டையும் இல்லை, தையல் கம்பெனியிலிருந்து அவள் வருகிற நேரம் வேறு. "இதை எப்படி மச்சான் அவ முன்னாடி வெப்பேன்? கத்தியைத் தொடக்கூட மாட்டா."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார். அடித்து வைத்திருந்த கிரீம் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். என் பையைத் துழாவி, நான் காலையில் வாங்கிய, இன்னும் உறை பிரிக்காத பட்டி பிளேடை எடுத்துக் கழுவி, என் கையில் கொடுத்தார்.

"மச்சான், கொஞ்சம் பட்டி பாத்து விடுங்க."