ஈயக்குண்டும் சாரத்துணியும்

சுடுதளத்தில் வெடி தீர்ந்ததும் எல்லோரும் தொலைவிலிருந்த இலக்கைப் பார்த்தார்கள். அத்தான் மட்டும் தரையையே பார்த்தபடி நின்றார். அந்த நிற்பு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். மன்னார்க்காரர், சண்டைக்குள் இருந்து தப்பி மெல்போர்னுக்கு வந்து, ஸ்பிரிங்வேலில் வீடு வாங்கியவர். புதுவருட வாணவேடிக்கைச் சத்தத்துக்கே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அப்படிப்பட்டவருக்கு, இறந்துபோன வேலைத்தல நண்பரின் மனைவி ஒரு பழங்காலத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார். குழல்வாயால் வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற வகை. அத்தான் முறைப்படி உரிமம் எடுத்து, சுடுதளத்துக்குப் போகத் தொடங்கினார். அக்கா பதறிப்போனாள்.

"நான் வைக்கிற வெடிக்குப் பயமில்லை. அது எப்ப வருமெண்டு எனக்குத் தெரியும்தானே" என்றார் அத்தான்.

அந்தத் துப்பாக்கிக்கு ஏற்ற குண்டு எதுவென்று சொல்ல யாருமில்லை. குழலின் அகலத்தைவிட ஈயக்குண்டு சற்றுச் சிறியதாக இருக்கவேண்டும். அதைச் சுற்றும் எண்ணெய்த் துணி இடைவெளியை நிரப்பவேண்டும். முதலில் வாங்கிய குண்டு இறுகிப்போய், சுத்தியலால் தட்டித்தான் உள்ளே இறக்க முடிந்தது. வெடித்தபின் துணி கிழிந்து கிடந்தது. அடுத்து ஓர் அளவு சிறிய குண்டு வாங்கினார். அதற்கு ஏற்ற தடிப்புள்ள துணியைத் தேடவேண்டியிருந்தது. சுட்டபின் விழும் துணியைப் பார்த்துத்தான் பொருத்தம் தெரியும்.

அக்கா உதவி செய்கிறேன் என்று இடுப்பில் உடுத்துகிற பழைய சாரம் ஒன்றைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டிப் பைக்குள் வைத்திருந்தாள். அன்று சுடுதளத்துக்கு நானும் கூடப் போயிருந்தேன். அங்கே அத்தான் பையைத் திறந்தார். நீலக் கட்டம் போட்ட துணி. ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் விரித்தார். பிறகு எண்ணெய் பூசி, குண்டை வைத்து, கோலால் இறக்கிச் சுட்டார்.

புகை கலைந்தது. சில அடிகளுக்கு அப்பால் அந்தத் துண்டு ஓரம் புகைந்தபடி கிடந்தது.

"நீ எடடா தம்பி. என்னால குனிய ஏலாது."

எடுத்தேன். நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தது. "துணி மெல்லிசு, அத்தான்" என்றேன். அவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ர தம்பியும் இப்பிடித்தான் ஒரு சாரம் உடுத்திருந்தவன். கஞ்சிக்கு வரிசையில நிண்ட இடத்தில செல்குண்டு விழுந்தது. துணியிலதான் ஆளை அறிஞ்சனான். நானேதான் மண்ணுக்குள்ள வச்சனான். அம்மாவுக்கு மட்டும், ஆளைக் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

மன்னாரில் அந்தத் தாய் இத்தனை வருடமும், மகன் திரும்பி வரவேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அத்தான் தாயை அழைத்து உண்மையைச் சொன்னார். போனின் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்திருந்ததால் அக்காவும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அப்ப அவனுக்கு ஆத்துமப் பூசை ஒண்டு ஒப்புக்குடுக்கிறன்" என்றார் தாய். பிறகு, "நீ தனியாவோ மோனை அவனை மண்ணுக்குள்ள தாட்டனீ?" என்று கேட்டார்.

அத்தான் போனுக்குப் பக்கத்தில் மேசையில் தலையைச் சாய்த்து அழத் தொடங்கினார்.