பனந்தும்புக்குத் தலை இழுத்த கதை

மடியில் பனைமட்டை நாரான பனந்தும்பு ஒரு பிடி, கையில் மகளுக்குத் தலை இழுக்கிற அகலப் பல்லுச் சீப்பு. சிக்கெடுத்து, நேராக்கி, ஒரே நீளத்துக்கு வெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஆராய்ச்சி என்றால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடிக் குழாயை ஆட்டுகிற வேலை என்றுதான் கலியாணத்துக்கு முதல் நினைத்திருந்தேன். பிஎச்டி என்கிற கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறவரைக் கட்டின அக்காமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கு விளங்கும்: படிக்கிறது அவர், சிக்கெடுக்கிறது நாங்கள்.

எங்கடை இவர் பனந்தும்பையும் ரெசின் என்கிற பசையையும் அடுக்கடுக்காகச் சேர்த்து இறுக்கித் தகடு செய்கிறார். மீன்பிடி வள்ளத்துக்குப் பலகையாகப் போடலாமாம். அதை யூனிவர்சிற்றிக் கம்பசில் இருக்கிற மெசினில் வளைத்து உடைத்துப் பார்க்கவேண்டும். தும்பு அறுந்து உடைந்தால் நல்ல தகடு. பசையை விட்டுத் தும்பு உருவிக்கொண்டு வந்தால் கூடாது. இதுவரைக்கும் உருவிக்கொண்டுதான் வந்தது. இன்றைக்குக் காலை கடைசித் தகடுகளைக் கொண்டு போயிருக்கிறார். படிப்பு லீவு இந்த மாதத்தோடு முடிகிறது. இதுவும் உருவினால் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பவேண்டியதுதான். பயத்தில் எனக்குக் கை சும்மா இருக்குதில்லை. ஒரு பிடி வாருகிறேன், ஒரு துணுக்கு எழுதுகிறேன்.

என்ன உத்தியோகம்?

கலியாணம் முடித்துக் கொக்குவிலுக்கு வந்த புதிது. எனக்கு ஆட்களோடு கதைக்க வெட்கம். நான் படித்ததும் எட்டாம் வகுப்பு மட்டும்தான். பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, அவர் என்ன செய்யிறார்?" என்று கேட்டா.

"படிக்கிறார்."

"இன்னும் முடிக்கேல்லையோ?"

"முடிச்சிட்டுத்தான் அன்ரி படிக்கிறார்."

அன்ரி மதிலில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தா. பிறகு எனக்காக மனமிரங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னா: "பயப்பிடாதை பிள்ளை, சிலபேருக்குப் பிந்தித்தான் ஏறும்."

கடல்தண்ணிப் போத்தல்

தகடு கடல்தண்ணியில் கிடந்தால் எவ்வளவு ஊதும் என்றும் பார்க்கவேண்டுமாம். கடலுக்குப் போகிற என்ரை அண்ணைதான் பருத்தித்துறையில் இருந்து பிளாஸ்ரிக் கானில் தண்ணி கொண்டு வந்து தருவார். விரலளவு தகட்டுத் துண்டுகளை ஊறுகாய்ப் போத்தல்களில் போட்டுக் குசினி அலுமாரித் தட்டில் வைத்திருந்தோம். ஒருநாள் அண்ணை ஒரு துண்டை எடுத்து மணந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மச்சான், இதைத்தான் வள்ளத்துக்குப் போடப்போறியளோ?"

"ஓம் மச்சான், முதலிலை சின்னனாய்ச் செய்து பாக்கிறம்" என்றார் இவர்.

அண்ணை அந்தத் துண்டைத் தன் சின்னிவிரலோடு வைத்து அளந்தார். "அப்ப முதலிலை நண்டுகளை ஏத்திப் பாப்பம்."

மாமியின் கைப்பக்குவம்

பெரிய கதை இதுதான். தும்பைக் கோஸ்ரிக் சோடா கரைத்த தண்ணியில் ஊறவைத்து, கழுவி, காயவைத்து மேசையில் அடுக்கியிருந்தோம். தும்பில் இருக்கிற பிசுக்குப் போகத்தான் அந்தச் சோடாவே. நாங்கள் மருதனார்மடம் சந்தைக்குப் போய்வந்து பார்த்தால் தும்பு பளபளவென்று மினுங்குகிறது. சோடா நன்றாக வேலை செய்திருக்கிறது என்று இவருக்குச் சந்தோசம். அந்தச் சந்தோசத்தோடே தகடு செய்தார். அது மெசின் வரைக்கும் போகவில்லை. கையால் பிடிக்கவே ஏடு ஏடாகக் கழண்டு வந்தது. இவர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

மாமி தேத்தண்ணியோடு வந்தா. "ஏன் தம்பி முகம் வாடிக் கிடக்கு? பாவம், தும்பும் வறண்டுபோய்க் கிடந்தது. அதுதான் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவி விட்டனான்."

இவர் தாயைப் பார்த்தார், தும்பைப் பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார், கண்ணில் தண்ணி வருமட்டும். மாமிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "சிரி, சிரி. உன்ரை தலையும் அப்பிடித்தான் வறண்டு கிடக்கு."

அப்பா உடைக்கிறவர்

மகளின் பாலர் பாடசாலையில் ரீச்சர் எல்லாப் பிள்ளைகளிடமும் அப்பாமாரின் வேலையைக் கேட்டிருக்கிறா. "எங்கடை அப்பா உடைக்கிறவர். நல்லாய் உடைஞ்சால் சிரிப்பார், உருவிக்கொண்டு வந்தால் சாப்பிடமாட்டார்" என்றாளாம் இவள். பின்னேரம் கூட்டிவரப் போனபோது ரீச்சர் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "அக்கா, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டா. ரெசின், மெசின் எல்லாம் தொண்டைவரை வந்தது. வெட்கத்தில் "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டேன். அவ என்ரை கையைப் பிடித்துக்கொண்டா. "எது உடைஞ்சாலும் மனசை விட்டிடாதேங்கோ அக்கா."

மத்தியானம் தாண்டிவிட்டது. இவர் இன்னும் போனில் கோல் எடுக்கவில்லை. மாமி சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, துடைத்து, இரண்டு கையையும் எனக்கு விரித்துக் காட்டிவிட்டு, எதிரே இருந்து தானும் ஒரு பிடி தும்பை எடுத்திருக்கிறா. "உருவினால் உருவட்டும். இன்னொருக்காச் செய்யத் தும்பாவது இருக்கவேணும்" என்கிறா.

கேற்றடியில் மோட்டார்சைக்கிள் சத்தம். மகள் ஓடுகிறாள்.

"அம்மா! அப்பா வந்திட்டார்! உடைஞ்சு போச்சாம்!"

"சிரிக்கிறாரோ பிள்ளை?" மாமிதான் கேட்டா.

"சிரிக்கிறார் அப்பம்மா! பல்லெல்லாம் தெரியுது!"

ஆகமொத்தம், ஒரு வீட்டில் ஒருவர் கலாநிதி ஆகவேண்டுமென்றால், மிச்சப்பேர் எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு, நல்லபடி உடையவேண்டும் பிள்ளையாரே என்று கும்பிட்டுக்கொண்டு...

"இஞ்சரும்! தும்பு அறுந்துதான் உடைஞ்சது! ஓடி வாரும்!"

ஓம், வாறன், வாறன், இந்தச் சீப்பை ஒருக்கா வைச்சிட்டு...