நாலாம் நம்பர் பிரஸ்ஸின் டேலைட்

என் வீட்டுக்காரரைத் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டேலைட் என்றுதான் கூப்பிடுவார்கள். ரப்பர் வளையம் வார்க்கிற பிரஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். மேலே ஒரு சூடான இரும்புத் தட்டு, கீழே ஒன்று. நடுவில் அச்சை வைத்து அழுத்தினால் வளையம் வெந்து வரும். தட்டுகள் திறந்து நிற்கும்போது நடுவே இருக்கிற இடைவெளிக்கு எங்கள் வேலையில் டேலைட் என்று பெயர். அதன் வழியாகப் பார்த்தால் எதிர்ப்பக்கத்து ஜன்னல் பளிச்சென்று தெரியும்.

அவர் வாயில் அந்த வார்த்தை படாத பாடு படும். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் "டேலைட் தெரியுது பாரு" என்பார். நான் கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால், "நமக்கு நடுவுல எதுக்குடி இவ்வளவு டேலைட்?" என்பார். "முதல்ல வாயை மூடுங்க, அங்கதான் டேலைட் ஜாஸ்தி" என்பேன் நான்.

நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு வயசாகிவிட்டது. எண்ணெய் வால்வு கசிந்து, தூக்கி நிறுத்திய மேல் தட்டு தானாக இறங்க ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் நாலு விரல் இறங்கிவிடும்.

"ஒருநாள் மொத்தமா விழும்டி. அன்னிக்கு யார் கை உள்ள இருக்கோ, அவன் தலையெழுத்து" என்றார்.

புகார்ப் புத்தகத்தில் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். மாடி ஆபீசில் புதிதாக வந்திருந்த மேனேஜர் கீழே இறங்கிப் பார்க்கிற ரகம் இல்லை. எனக்கு நாலு வரி இங்கிலீஷ் எழுத வரும். நானும் அங்கேதான், வளையங்களின் ஓரப் பிசிர் வெட்டுகிற மேசையில் வேலை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: நாலாம் நம்பர் பிரஸ்ஸில் டேலைட் குறைந்துகொண்டே வருகிறது, உடனே கவனிக்கவும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாழாய்ப் போன பெருமை.

மூன்றாம் நாள் ஏணியோடு எலெக்ட்ரீஷியன் வந்தார். நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு நேர் மேலே புது டியூப் லைட் ஒன்றை மாட்டினார். புத்தகத்தில் "சரிசெய்யப்பட்டது" என்று எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நாங்கள் சிரித்தோம். மேசை மொத்தமும் வயிறு வலிக்கச் சிரித்தது. என் வீட்டுக்காரர்தான் அதிகம் சிரித்தார். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னார். "மேல சொல்றேன்" என்றார் அந்த ஆள். நான் இன்னொரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. சிரிப்பிலேயே ஒன்பது நாள் போய்விட்டது.

பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்குத் தட்டு விழுந்தது. என் மேசையில் இருந்தபடியே கேட்ட அலறல் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. அவருக்குக் கெட்ட பெயரோடு வேலையும் போகும், பிரஸ் மறுநாளே ஓடும். அதில் நிற்க ஆள்கூடப் போட்டாகிவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறவளின் புருஷன். அவள் ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை.

விசாரணைக்கு முன்னால் நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் பிரித்தேன். பகலையும் வெளிச்சத்தையும் ஒட்டி வைத்த சொல்லாம். பகல் வெளிச்சம் என்று ஒரு அர்த்தம். விடியல் என்று ஒன்று. அந்தக் காலத்துக் கொச்சையில் கண்ணுக்குக்கூட அதுதான் பெயராம். இரண்டு பொருளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிற இடைவெளி என்பது கடைசியில், பொடி எழுத்தில் இருந்தது. ஆபீஸ்காரன் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டான். எங்கள் உயிர் கடைசி வரியில் இருந்தது.

விசாரணை அதிகாரி புகாரை உரக்கப் படித்தார். "வெளிச்சம் கேட்டீங்க, போட்டுக் குடுத்திருக்காங்க. அதுக்கப்புறமும் கையை விட்டா யார் தப்பு? சரி, இதை எழுதினது யாரு?"

நான் எழுந்திருப்பதற்குள் அவர், "நான்தான் சார்" என்றார். பழி என் தலையில் விழக் கூடாதாம்.

அதிகாரிக்குச் சந்தேகம். காகிதத்தையும் பேனாவையும் தள்ளினார். "அதே வரியை எழுதிக் காட்டுங்க."

அவர் கட்டுப் போட்ட கையை எடுத்து மேசைமேல் வைத்தார். "எழுதின கைதான் சார் உள்ள போயிடுச்சு."

என்னால் தாங்க முடியவில்லை. "பொய் சொல்றார் சார்! எழுதினது நான். டேலைட்னா உங்களுக்கு வெளிச்சம். எங்க மெஷின்ல அது இடைவெளி. நம்பலைன்னா வாங்க, மெஷின்லயே எழுதியிருக்கு."

கீழே போனோம். பிரஸ்ஸின் பக்கவாட்டில் தகடு இருக்கிறது. அதன்மேல் யாரோ புத்தம் புதுப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிசிர் வெட்டுகிற கத்தியை எடுத்துச் சுரண்டினேன். எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது: டேலைட், 450 மில்லிமீட்டர்.

அதிகாரி சூப்பர்வைசரிடம் தட்டை முழுசாகத் தூக்கச் சொல்லி, வெளியிலிருந்தே டேப் வைத்து அளந்தார். 450. நோட்டில் குறித்தார். மேனேஜர் பக்கத்தில் நின்று என்னென்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் போனதும், "இப்ப அளந்து பாருங்க சார்" என்றேன். 430. யாரும் மெஷினைத் தொடவில்லை. புது டியூப் லைட் புண்ணியத்தில் எல்லோருக்கும் நன்றாகவே தெரிந்தது.

கவனக்குறைவு என்கிற வார்த்தையை அடித்தார்கள். நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்குச் சீல் வைத்தார்கள். பக்கத்து மேசைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெயித்துவிட்டோம் என்றார்கள். ஜெயித்து என்ன கண்டோம்?

மறுநாள் காலை அவருக்குச் சட்டை போட்டுவிட்டேன். ஒற்றைக் கையால் அவருக்குப் பொத்தான் போட இன்னும் வரவில்லை. போட்டுக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"ஏங்க, நான் டேலைட்டுக்குப் பதிலா கேப்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா உங்க கை இருந்திருக்கும்ல?"

இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. கண்ணீர் எனக்குக் கண்ணை மறைத்தது. குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"நடுவுல ஒரு பொத்தானை விட்டுட்டே பாரு. டேலைட் தெரியுது" என்றார்.