மூன்று குத்தில் அகப்படாத நாவல்

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். பாடாலூர் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கோழித்தீவனக் கம்பெனியின் மக்காச்சோளக் குடோன் அது. லாரியின் மேலடுக்கு மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தால் சரக்கு பொன்னாக இருந்தது. நானே மயங்கிப்போனேன். மேனேஜர் குத்தூசியை எடுத்து அடி மூட்டையில் இறக்கினார். குத்தூசி என்பது முனை கூர்மையாகவும் உள்ளே குழாயாகவும் இருக்கும் இரும்பு ஊசி. சாக்கைப் பிரிக்காமலே ஒரு கைப்பிடி தானியத்தை உள்ளேயிருந்து வெளியே கொண்டுவந்துவிடும். அன்று கொண்டுவந்தது ஈரமும் பூஞ்சையும்.

"பாத்துக்கப்பா. மேல இருக்குறது நமக்குக் காட்டறதுக்கு. அடியில இருக்குறது நம்ம தலையில கட்டறதுக்கு. சாமிய எவ்ளோ வேணாலும் நம்பு. இந்த கேட்டுக்குள்ள வந்துட்டா எவனையும் நம்பாத" என்றார்.

அன்றிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை நான் அங்கே க்யூ.சி., அதாவது சரக்கின் தரம் பார்க்கிறவன். டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் ஊசிக்காரர். மூட்டைக்கு மூன்று குத்து என்பது எங்கள் முறை. தலையில் ஒன்று, வயிற்றில் ஒன்று, அடியில் ஒன்று. மூன்றில் ஒன்று கெட்டிருந்தாலும் லோடு ரிட்டர்ன். எழுதி வைக்காத விதி ஒன்றும் உண்டு. மூன்று குத்தும் சுத்தமாக வந்தால் லாரியைச் சும்மா விடக்கூடாது. அவ்வளவு சுத்தமாக எவன் கொண்டுவருவான்? அந்த மாதிரி லோடை முழுசாக இறக்கிக் கொட்டிப் பார்ப்போம்.

நாவல் படிக்கும் பழக்கமும் குடோனில் வந்ததுதான். லாரி வரும்வரை வேறு வேலை இல்லை. இதே ஊசியைத்தான் நாவலிலும் இறக்கினேன். முதல் அத்தியாயம், நடுவில் பத்துப் பக்கம், கடைசி அத்தியாயம். எங்காவது பூஞ்சை தெரிந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். இப்படியே நூற்றுக்கணக்கான நாவல்களைத் தீர்த்துக் கட்டியிருக்கிறேன். முழுசாகப் படித்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

2. ஊசிக்குத் தப்பாதவை

ரிட்டயர் ஆனபின் பெரம்பலூரில் ஒரு வாசகர் வட்டத்தில் சேர்ந்தேன். நடத்துபவர் ராஜமாணிக்கம் சார், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது நன்றாக விற்கும் நாவல்களாகப் பார்த்துக் கொடுப்பார். மாதம் ஒரு ஞாயிறு கூடிப் பேசுவோம். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால் முதலில் என் மனைவி மலர்தான் படிப்பாள். அவளுக்கு அட்டையிலிருந்து அட்டைவரை படித்தாக வேண்டும். அப்புறம்தான் என் ஊசி.

முதலில் வந்தது ஒரு மர்ம நாவல். சோள மூட்டைக்குள் பிணத்தை வைத்துத் தைத்து, குடோனில் பத்து நாள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. துப்பறிகிறவர் வந்து சென்ட் வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கிறார். எங்கள் குடோனில் ஓர் எலி செத்தாலே லோடுமேன்கள் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். கூட்டத்தில் எழுந்து கேட்டேன்.

"அந்த மூட்டைய முதுகுல தூக்கி அடுக்கினவன் ஒருத்தன் இருப்பான்ல சார்? அவனுக்குக் கனத்துல தெரியாதா?"

"கதைன்னா கொஞ்சம் விட்டுக்குடுத்துதான் படிக்கணும் சார்" என்றார் ராஜமாணிக்கம்.

"விட்டுக்குடுத்தா லோடு உள்ள வந்துரும் சார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அடுத்து ஒரு குடும்ப நாவல். கதாநாயகனுக்கு ஏழெட்டுத் தொழிற்சாலை. ஆனால் ஒரு நாளாவது ஆபீஸ் போனானா என்றால் இல்லை. கதாநாயகியின் கையைப் பிடித்து இழுப்பதும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பல்லைக் கடிப்பதும்தான் அவனுக்கு முழுநேர வேலை. கடைசியில் அவள் அவனை மன்னித்து இரட்டைப் பிள்ளை பெறுகிறாள். இவனிடம் சம்பளம் வாங்கும் க்யூ.சி.யை நினைத்துத்தான் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

மூன்றாவது ராஜா கதை. ஒற்றன் ஒருவன் கொள்ளிடத்தை வெள்ளத்தில் நீந்திக் கடக்கிறான், ஒரு கையில் எரியும் பந்தத்தோடு. திருமழபாடியில் கரைமேல் நின்று வெள்ளம் போவதைப் பார்த்தவன் நான். பந்தத்தை விடுங்கள், வேட்டி மிஞ்சினாலே பெரிய விஷயம்.

இதையெல்லாம் நான் வீட்டில் சொல்லும்போது மலர் "ம்" என்று கேட்டுக்கொள்வாள். ஒருநாள் மட்டும் கேட்டாள்.

"ஏங்க, நடுவுல உள்ளத எல்லாம் சேத்து ஒரு புக்காவது படிச்சிருக்கீங்களா?"

"மூணு குத்துல தெரிஞ்சிரும்."

"அது சோளத்துக்கு" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள்.

3. அரிக்கும் கால்

ஆடி மாதக் கூட்டத்தில் ராஜமாணிக்கம் சார் கையில் கொடுத்தது ஒரு பச்சை அட்டை நாவல். செல்போனில் தொடராக வந்து ஆயிரக்கணக்கானோர் படித்த பின், அரியலூரில் ஓர் அச்சகத்தில் புத்தகமாகப் போட்டார்களாம். எழுதியவர் புனைபெயரில் இருந்தார். அட்டையில் அவர் படமும் இல்லை. படம் போடாத ஆள் மேல் எனக்கு உடனே சந்தேகம் வந்தது.

ஊசியை இறக்கினேன். முதல் அத்தியாயத்தில் ஒரு பெண் கணவனின் சட்டையை உதறுகிறாள், சோளத் தூசி பறக்கிறது. சுத்தமாக இருந்தது. நடுவில் அவள் பஸ்ஸில் போகிறாள். ரோட்டில் பாதி அகலத்துக்குச் சோளம் காய்கிறது, டிரைவர் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போகிறார். அதுவும் சுத்தம். கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் விடிகாலையில் பெரிய பையோடு பஸ் ஏறிவிடுகிறாள். கணவன் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற ஆள். பால் திரிந்தால் பால்காரனிலிருந்து பாத்திரம்வரை விசாரிப்பான். அவள் திரும்பி வரவில்லை.

"நல்ல முடிவு. போவட்டும். அந்தாளோட எவ இருப்பா?" என்று மலரிடம் சொன்னேன்.

"அப்படிங்களா" என்றாள்.

மூன்று குத்தும் சுத்தம். அதனாலேயே எனக்கு நிம்மதி போயிற்று. முழு லோடையும் கொட்டிப் பார்த்துவிடுவது என்று முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்ச நேரத்தில் குறை தேடுவதை மறந்துபோனேன். அந்தப் பெண் யாரோடும் சண்டை போடுவதில்லை, அழுவதில்லை. ஆனால் அவளை விட்டு என்னால் எழுந்து சாப்பிடப் போக முடியவில்லை. அப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த இடம் வந்தது.

'குவியல் மேல் வெறுங்காலோடு நிற்பேன், இடது உள்ளங்கால் அரித்தால் சரக்கில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அதற்கு மீட்டர்கூட வேண்டாம் என்று அவர் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.'

அந்த வரியை மறுபடி படித்தேன். உலகத்தில் எந்த க்யூ.சி.யும் அப்படி ஈரம் பார்ப்பதில்லை. அது நான் சொன்ன பொய். எங்களுக்குக் கல்யாணமான புதிது, நல்ல மழைக்காலம். குடோன் சேற்றில் நின்று நின்று இடது காலில் சேற்றுப்புண். ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டிருப்பேன். புதுப் பெண்டாட்டி, "ஏங்க, காலுக்கு என்ன?" என்று கேட்டபோது, புண் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தொழில் ரகசியம் மாதிரி அந்த அரிப்புக் கதையை எடுத்துவிட்டேன். அவள் நம்பிவிட்டாள். அப்புறம் ஒரு களிம்பை வாங்கி, குளியலறை மாடத்தில் ஷேவிங் சோப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்து, மழைக்கு மழை தடவிக்கொண்டேன். நல்ல களிம்பு, ஒரு டியூப்பே வெகுநாள் வந்தது. இந்தப் பொய்யை வேறு யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் டிரைவர்கள் மானத்தை வாங்கிவிடுவார்கள்.

அப்படியானால் இதை எழுதியவர் யார்?

என் புத்தி குடோன் புத்தியாயிற்றே. ஒவ்வொன்றாகக் கோர்த்துப் பார்த்தேன். மத்தியானம் நான் தூங்கும்போது மலர் செல்போனில் கட்டை விரலால் தட்டிக்கொண்டே இருப்பாள். கேட்டால், "அக்காவுக்கு மெசேஜ்" என்பாள். எந்த அக்காவுக்கு இவ்வளவு மெசேஜ்? அக்காவைப் பார்க்க என்று சொல்லி வியாழக்கிழமை தோறும் அரியலூர் போகிறாள். அக்கா இருப்பது வரதராஜன்பேட்டையில். அரியலூரில் இறங்கி என்ன வேலை? பச்சை அட்டையைத் திருப்பினேன். அச்சகத்தின் ஊர் அரியலூர்.

எழுதியது மலர்தான். அதில் சந்தேகமில்லை. அப்புறம்தான் கடைசி அத்தியாயம் ஞாபகம் வந்தது. பெரிய பை, பஸ், திரும்பி வராதவள். அதற்கு, "போவட்டும்" என்று நானே வாயாரச் சொல்லியும் இருந்தேன்.

புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை வாசகனாகப் படிக்கவில்லை. அந்தக் கணவன் வருகிற வரிகளை மட்டும் பார்த்தேன். குழம்பை முகர்ந்து பார்க்கிறான். மீதிச் சில்லறையை எண்ணுகிறான். அவள் போன் பேசி முடித்ததும், "யாரு?" என்கிறான். அத்தனையும் நான். அவளை ஒரு நாளும் நான் அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. அப்படி இருந்தும் அந்த ஆளை விட்டு அவள் போனது நியாயம் என்றே எனக்குத் தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

4. அரியலூர் பஸ்

அந்த வாரம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. குழம்பை முகரவில்லை. அவளுக்குப் போன் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். மலர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஒடம்புக்கு முடியலீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

வியாழக்கிழமை காலையில் அவள் பரணிலிருந்து பெரிய ட்ராவல் பையை இறக்கினாள். வழக்கமாகத் தோளில் ஒரு சின்னப் பைதான் போகும்.

"இன்னிக்கு வர்றதுக்கு லேட்டானாலும் ஆவும். இட்லி இருக்கு, சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

இட்லியைத் தொட எனக்கு மனசு வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் புது பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அரியலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோரம் மலர் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தப் பை. உள்ளே ஏறிப் பக்கத்தில் போய் நின்றேன்.

"பைய இப்படிக் குடு" என்றேன். "வூட்டுக்குப் போவலாம்."

"என்னங்க ஆச்சு?"

நான் பையைப் பிடித்துத் தூக்கினேன். முழு பலத்தோடு தூக்கியதில் அது என் முகத்தில் வந்து மோதியது. பை காலி. உள்ளே ஒரு துணிகூட இல்லை.

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். மலர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அச்சாபீஸ்ல ரெண்டாவது புத்தகம் ரெடியாயிருச்சாம். கட்டி எடுத்துட்டு வரணும்ல, அதான் பெரிய பை" என்றாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "முழுசும் படிச்சிட்டீங்க போல."

"படிச்சிட்டேன். அந்தப் பொண்ணு போயிடறா."

"அது கதைங்க. நெசமாப் போவணும்னா ஒக்காந்து எழுதிக்கிட்டா இருப்பேன்? போயிருப்பேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் இறங்கவில்லை. இரண்டு டிக்கெட் எடுத்தோம். ஊர் எல்லையைத் தாண்டிச் சோளக்காடு வந்தபிறகு கேட்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? மூணு குத்து குத்திட்டு மூடி வெச்சிருவீங்க. அதுக்குத்தான் ஒங்க ஊசி படாத எடமாப் பாத்து, ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ண உள்ள வெச்சேன். முழுசும் படிச்சாதான் அது அகப்படும். அகப்பட்டா நீங்களே வந்து கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"கால் அரிக்கிற கதையா? அது பொய், மலரு. ஈரம் பாக்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எனக்குக் கால்ல புண்ணு."

"தெரியுங்க."

"எப்பலேருந்து?"

"நீங்க சொன்ன அன்னிக்கே. ரத்தக் கறை போர்வையில இருந்துச்சே. வெக்கப்பட்டுக்கிட்டு மறைக்கிறீங்கன்னு நானும் கேக்கல." அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "ஷேவிங் சோப்புக்குப் பின்னாடி ஒரு களிம்பு வெப்பீங்களே. நீங்க வாங்கினது ஒரு டியூப்புதான். இத்தன மழைக்கும் அதுவே வந்துச்சுன்னா நெனச்சீங்க?"

எந்த லாரியில் எந்த மூட்டை எடை குறைகிறது என்று கண்ணாலேயே பிடித்தவன் நான். என் வீட்டு மாடத்தில் ஒரு டியூப் வருஷக்கணக்காகத் தீராமல் இருந்திருக்கிறது. ஒரு நாளாவது அதைச் சந்தேகப்பட்டேனா?

இப்போது அந்தக் குடோனில் வேலை பார்க்கும் பையன்கள் தொழிலைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதினேன். தம்பிகளே, மூட்டையில் ஊசியைத் தாராளமாக இறக்குங்கள். அதற்குத்தான் சம்பளம். கெட்டது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வீர்கள். நல்லதும் அதே மாதிரி சத்தம் போடாமல் ஒளிந்திருக்கும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள். எனக்குச் சொல்லித்தர ஒருத்தி ஒரு நாவலே எழுத வேண்டியிருந்தது.

இந்த மழைக்கும் கால் அரிக்கிறது. நேற்று மாடத்தில் பார்த்தேன். புது டியூப்.