தனியே உண்பாரா?

தன் கையால் சாப்பிடத் தெரியாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க மாட்டார்கள், முதல் நாள் இடைவேளையிலேயே கண்டுபிடித்து "அடுத்த வருசம் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் நம்பினேன். ஐந்து வயதில் நம்பியிருந்தால் மன்னிக்கலாம். நாற்பத்திரண்டு வயதில், சொந்தமாக ஓர் உழவு மெசினும் அடர்த்தியான மீசையும் வைத்திருந்த காலத்தில் நம்பினேன்.

சண்டை நின்று, யாழ்ப்பாணப் பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். கனகராயன்குளத்தில் எங்கள் வளவுக்கு முன்னால் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் பஸ் ஓடியது. பள்ளிக்கூடத்தில் பாதிக் கட்டடத்துக்குக் கூரை வந்துவிட்டது. மீதிக்கு இன்னும் தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில்தான். முதலாம் ஆண்டுக்காரருக்குக் கிடைத்தது கொட்டில்.

பெற்றோர் கூட்டமும் அந்தக் கொட்டிலில்தான் நடந்தது. பெரிய ஆட்கள் எல்லோரும் சின்னக் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட இருந்தோம். முதலாம் ஆண்டு ரீச்சர் மெலிந்தவர், மிக மெதுவாகக் கதைப்பவர். சத்தம் போடுகிறவர்களுக்கு நான் பயப்படுவதில்லை. மெதுவாகக் கதைப்பவர்களைக் கண்டால்தான் எனக்குக் கால் கூசும்.

"நகம் வெட்டி அனுப்புங்கோ. மூக்குத் துடைக்கிற கைலேஞ்சியைச் சட்டையிலை ஊசியாலை குத்தி விடுங்கோ, இல்லாட்டி ஒண்டும் திரும்பி வராது. கொதிச்சாறின தண்ணி. பிஸ்கற் வேண்டாம், வீட்டுச் சாப்பாடு காணும். மணி அடிச்சாப் பிறகு தாய் தகப்பன்மார் படலைக்குள்ளை நிக்கக்கூடாது. இடைவேளையிலை பிள்ளையள் தங்கடை கையாலை சாப்பிடவேணும். ஒருத்தரும் வந்து தீத்தக்கூடாது."

கடைசி வசனத்தில் என் கதிரை கிறீச்சிட்டது.

பிறகு ஒரு படிவம் தந்தார்கள். பிள்ளை தனியே உடுத்துவாரா? தனியே மலசலகூடம் செல்வாரா? தனியே உண்பாரா? மூக்கைச் சட்டைக் கையில் துடைக்கும் ஒருவனைப் பற்றி இவ்வளவு மரியாதையாக யாரும் அதுவரை விசாரித்ததில்லை. மூன்றுக்கும் 'ஆம்' என்று எழுதிக் கையொப்பமும் வைத்தேன். முதல் இரண்டும் உண்மை.

மூன்றாவதன் வரலாறு இது. மகன் பிறந்தது நாங்கள் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தபோது. அந்த நாளில் சோறு கோப்பைக்கு வந்தால் கெதியாக உள்ளே தள்ளிவிட வேண்டும், அடுத்த உலை எந்த ஊரில் கொதிக்கும் என்று தெரியாது. ஆகவே நானே குழைத்து, நானே உருட்டி, நானே வாயில் தீத்தினேன். ஊருக்குத் திரும்பி வந்து, கோப்பையை ஒருவரும் பறிக்கப் போவதில்லை என்று ஆன பிறகும் என் கை ஓயவில்லை.

பஸ் ஓடத் தொடங்கியதும் எங்கள் சாப்பாடும் பஸ் ஆகிவிட்டது. ஒரு வாய்க்கு ஒரு தரிப்பு. "கிளிநொச்சி ஆக்கள் ஏறுங்கோ!" என்றால் வாய் திறக்கும். மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் எல்லாம் சிக்கலில்லாமல் போகும். ஓமந்தை வந்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அசையாமல் இருப்பான். அங்கே ஆமியின் செக்கிங் நடக்கிறதாம். வவுனியா போய்ச் சேர அரை மணித்தியாலம் செல்லும்.

படிவம் கொடுத்த பின்னேரம் சந்திக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முஸ்லிம், எங்களுக்கெல்லாம் நானா; புத்தளத்தில் பல வருடம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். நாலு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் என்பதால் என்னைப் பொறுத்தவரை அவர்தான் கல்விப் பணிப்பாளர்.

"நானா, பள்ளிக்கூட ஃபோமிலை பொய் எழுதினா என்ன செய்வினம்?"

"என்ன பொய்?"

சொன்னேன். அவர் சீனி நிறுப்பதை நிறுத்தி, செத்தவீட்டுக்குப் போகிற முகம் ஒன்றை எடுத்து மாட்டினார்.

"பெரிய வேல பாத்துட்டீங்களே தம்பி. புத்தளத்துலயும் ஒரு வாப்பா இப்பிடித்தான் எழுதிக் குடுத்தாரு."

"பிறகு?"

"புள்ளய வெச்சுக்கிட்டாங்க. வாப்பாவையும் புடிச்சுப் பாயில இருத்தி, சாப்புடப் பழக்கித்தான் வூட்டுக்கு விட்டாங்க."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியில் என் சிரிப்பு எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. வாப்பா கதை பகிடி என்று தெரியும். ஆனால் பகிடிக்குள்ளே ஏதோ ஒன்று இருக்குமல்லவா என்று மூளை குடைந்தது. அந்த வருடம் அயல் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் போக, இவன் மட்டும் படலையைப் பிடித்துக்கொண்டு வீதியைப் பார்த்து நிற்பதாக எனக்குக் காட்சி வந்தது. அதற்குக் காரணம் என்னுடைய ஐந்து விரல்கள்.

பள்ளிக்கூடம் தொடங்க ஒரு கிழமை இருந்தது. பயிற்சி ஆரம்பமாயிற்று.

முதல் நாள் புட்டும் வாழைப்பழமும். கோப்பையை அவன் முன்னால் வைத்து, "இண்டைக்கு டிரைவர் நீதான்" என்றேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தான். பஸ் வரும் என்று திறந்தபடியே இருந்தான். செய்து காட்டினால் பழகுவான் என்று நினைத்து அந்தக் கோப்பைப் புட்டை நானே குழைத்து நானே தின்றேன். அவன் அக்கறையோடு பார்த்தான். இரண்டாம் நாள் இடியப்பம் செய்து காட்டினேன். மூன்றாம் நாள் ரொட்டி. என் பங்கையும் அவன் பங்கையும் தின்றதில் எனக்கு இடுப்பில் சாரம் இறுகிவிட்டது, மாணவனிடம் முன்னேற்றம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பாடமும் முடிந்த பிறகு மனைவி வேறொரு கோப்பையோடு அவனைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போவாள். கொஞ்ச நேரத்தில் வெறும் கோப்பையோடு வருவாள்.

"அவன் சாப்பிடுவான். நீங்கள் சும்மா இருங்கோ" என்றாள்.

"சும்மா இருக்கிறதோ? ஃபோமிலை கையெழுத்து வைச்சது நீயோ நானோ?"

"அப்ப உங்களைத்தான் ரீச்சர் பிடிப்பா. பிள்ளைக்கு என்ன?"

தாய்மார் பிள்ளையை அளவுக்கு மீறி நம்புவார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாள் வந்தது. கைலேஞ்சி குத்தி, நகம் வெட்டி, மூடி இறுகாத ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் ரொட்டியும் சம்பலும் வைத்து அனுப்பினோம். படலையில் அவன் என் கையை விட்டதும் திரும்பிப் பார்க்கவில்லை. அழுத பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். தகப்பன்மாரில் கண் கலங்கியவன் ஒருவன்தான், அவனும் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டான்.

எல்லோரும் கலைந்து போனார்கள். நான் வீதியால் ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்க வேலியில் மாடு முட்டிப் போட்டு வைத்த பொட்டு இடைவெளிக்குள்ளால் நுழைந்தேன். கொட்டிலின் பின் தட்டியோடு குந்தினேன். கிடுகு விலகிய இடம் ஒன்று வசதியாக இருந்தது. தண்ணீர்ப் பீப்பாவில் வலது கையை மணிக்கட்டு வரை கழுவி, அவசரத்துக்குத் தயாராக ஈரத்தோடு தூக்கிப் பிடித்திருந்தேன். உள்ளே ஏதோ பாட்டுப் பாடினார்கள். எனக்குக் கால் விறைத்தது. எறும்பு ஏறியது. இடைவேளை மணி அடித்ததும் கண்ணை ஓட்டையில் வைத்தேன். யாரோவுடைய முதுகு முழுதாக மறைத்தது.

"ஐயா, மாடு தேடி வந்தனீங்களோ?"

பின்னால் ரீச்சர். அதே மெதுவான குரல்.

"ஓம் ரீச்சர். மாடு."

"மாட்டைக் காணேல்லையே."

"அது ரீச்சர், நான்தான்."

அவர் என் ஈரக் கையைப் பார்த்தார். மனதில் வைத்திருந்த எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ரீச்சர், ஃபோமிலை பொய் எழுதிப்போட்டன். அவனுக்குத் தனியச் சாப்பிடத் தெரியாது. நான்தான் பழக்கிக் கெடுத்தனான். ஒருக்கால் மட்டும் தீத்திப்போட்டுப் போறன். அவனைத் திருப்பி அனுப்பிப்போடாதேங்கோ."

"ஆர் சொன்னது அனுப்புவம் எண்டு?"

நான் ஈரக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"சாப்பிடத் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்திலை நான் இருக்கவேணும். அதுக்குத்தான் அந்தக் கேள்வி. போன வருசம் மூண்டு பேர் அப்பிடி வந்தவை, பங்குனிக்குள்ளை பழகீட்டினம்." பிறகு தட்டியைக் காட்டினார். "பாக்கிறதெண்டாப் பாருங்கோ. சத்தம் போடாதேங்கோ."

முதுகு விலகியிருந்தது. என் மகன் பாயில் சப்பாணி கட்டி இருந்தான். ரொட்டியைக் கிழித்தான், சம்பலைத் தொட்டான், வாயில் வைத்தான். கிழித்தான், தொட்டான், வைத்தான். எந்த ஊரிலும் நிற்கவில்லை. தன் பெட்டியை வழித்து முடித்துவிட்டு, பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பிள்ளையின் பெட்டியை எட்டிப் பார்த்து ஏதோ கேட்டான். அந்தப் பிள்ளை ஒரு துண்டு கொடுத்தது. அதையும் தின்றான்.

"இப்ப போங்கோ ஐயா" என்றார் ரீச்சர். "படலையாலை போங்கோ."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரு அதிசயத்தைச் சொல்வதுபோல் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவேயில்லை.

"நீங்கள் உழவுக்குப் போற நாளிலை அவன் ஆரின்ரை கையாலை சாப்பிட்டவன் எண்டு நினைச்சியள்?"

"நீதானே தீத்தினனீ?"

"எனக்கெங்கை நேரம்? மூண்டரை வயசிலையிருந்து கோப்பையைக் குடுப்பன், சாப்பிட்டுப்போட்டு ஓடீடுவான்."

"அப்ப ஏன் எனக்கு முன்னாலை மட்டும் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறவன்?"

"அவனுக்கு பஸ் விருப்பம்."

மூன்றரை வயதிலிருந்தே அவனுக்குத் தன் கையால் சாப்பிடத் தெரிந்திருந்தது. வீட்டில் அது தெரியாத ஒரே ஆள் நான்தான்.